உயில் நிறைவேற்றுநரை, நிர்வாகியை மாற்றுவது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

உயிலில் நிறைவேற்றுநர் என்று பெயர் போட்டவர் இறந்துவிட்டார். அல்லது உயிரோடு இருந்தும் ஒரு வேலையும் செய்யாமல் இருக்கிறார். அல்லது வாடகையை வாங்கி வைத்துக்கொண்டு கணக்குக் காட்ட மறுக்கிறார். மூன்றிலும் குடும்பத்தின் கேள்வி ஒன்றுதான்: இவருக்குப் பதில் இன்னொருவரை எப்படி வைப்பது? ஆனால் சட்டம் மூன்றுக்கும் மூன்று வழி வைத்திருக்கிறது. தவறான வழியில் மனுப் போட்டு, வாய்தா மேல் வாய்தா போய், கடைசியில் "இந்த மனு இங்கே நிலைக்காது" என்று திரும்பி வருவதுதான் இதில் அடிக்கடி நடப்பது.

இங்கே சொல்வதெல்லாம் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ஐ ஒட்டியது. நடைமுறை தமிழ்நாட்டு நீதிமன்றங்களுக்கானது. பிரிவு எண் மட்டும் சொல்லியிருந்தால் அது இந்தச் சட்டத்தின் பிரிவு.

1. அவர் கையில் இருப்பது என்ன காகிதம் என்று பாருங்கள்

உயிலிலேயே பெயர் குறிக்கப்பட்டவர் நிறைவேற்றுநர். உயில் உண்மையானது என்று உறுதி செய்து அவருக்கு நீதிமன்றம் கொடுக்கும் சான்றுதான் புரோபேட். உயில் இல்லாதபோதும், உயில் இருந்து நிறைவேற்றுநர் இல்லாதபோதும் நீதிமன்றம் நியமிப்பவர் நிர்வாகி. வக்கீல்கள் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்று சொல்லும் நிர்வாக ஆணை இவருக்குத்தான் கிடைக்கும்.

இந்த இரண்டும் இல்லாமல் வேறு ஏதோ ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு "நான்தான் பொறுப்பு" என்பவர்களும் உண்டு. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று சொல்லும், யாரையும் நிர்வாகியாக்காது. வங்கி நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ள உரிமை உள்ளவர், அவ்வளவுதான். பிரிவு 372-இன் கீழ் நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் கடன்களையும் பங்குப் பத்திரங்களையும் வசூலிக்க மட்டுமே. இவற்றில் ஒன்றை வைத்திருப்பவரை "நீக்க" மனுப் போடுவதில் அர்த்தமில்லை, ஏனென்றால் நீக்குவதற்கு அவரிடம் பதவியே இல்லை. அந்த இடத்தில் நிர்வாக ஆணை கேட்டு முதல் மனுவாகப் போட வேண்டும்.

நிறைவேற்றுநரா நிர்வாகியா என்பது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். இறந்தவர் இந்து, முஸ்லிம், பௌத்தர், சீக்கியர் அல்லது சமணர் என்றால், நிர்வாகி, ஆணை கொடுத்த நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. மீறிச் செய்தால் சொத்தில் அக்கறையுள்ள எவரும் அதை ரத்து செய்யக் கேட்கலாம் (பிரிவு 307). நிறைவேற்றுநருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. உயிலிலேயே தடை எழுதியிருந்தால் ஒழிய அவர் விற்கலாம். எனவே எதிரில் இருப்பவர் நிறைவேற்றுநர் என்றால் அவசரம் கூடுதல்.

2. நான்கு நிலைமைகளில் உங்களுடையது எது?

பொறுப்பை இன்னும் ஏற்கவில்லை. உயிலில் பெயர் இருக்கிறது, புரோபேட் கேட்டு மனுப் போடவில்லை. இவரை நீக்க வேண்டியதில்லை. ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று நீதிமன்றம் வழியாகக் கேட்க வேண்டும். அவர் பொறுப்பைத் துறக்காத வரை, அவருக்கு அழைப்பாணை அனுப்பாமல் வேறு ஒருவருக்கு நிர்வாக ஆணை தர முடியாது என்கிறது பிரிவு 229. அவரே துறப்பதானால் நீதிபதி முன் வாய்மொழியாகச் சொல்லலாம், கையெழுத்திட்டு எழுதியும் தரலாம். ஒருமுறை துறந்தால் பிறகு ஒருபோதும் புரோபேட் கேட்க முடியாது (பிரிவு 230). அழைப்பாணைக்குக் கொடுத்த கெடுவுக்குள் அவர் ஏற்கவில்லை என்றால், உயிலை நிரூபித்து, உயில் நகல் இணைத்த நிர்வாக ஆணையை இன்னொருவர் பெறலாம் (பிரிவு 231).

ஏற்கெனவே வாடகை வசூலித்து, கடன் அடைத்து, சொத்தில் கைவைத்துவிட்ட ஒருவர் பிறகு "நான் துறக்கிறேன்" என்றால் செல்லாது. பொறுப்பை நடத்தையால் ஏற்றுக்கொண்டவர் அவர். இனி நீதிமன்றம்தான் விடுவிக்க வேண்டும்.

இறந்துவிட்டார். பல பேர் நிறைவேற்றுநராகப் புரோபேட் வாங்கி, ஒருவர் இறந்திருந்தால் யாரையும் நியமிக்கத் தேவையில்லை. முழுப் பொறுப்பும் மிஞ்சியிருப்பவரிடம் தானாகச் சேரும் (பிரிவு 226). ஒரே நிறைவேற்றுநர் புரோபேட் பெற்றபின் வேலை முடியாமல் இறந்தால், மிச்சமிருக்கும் சொத்துக்கு மட்டும் புதிய நிர்வாகி கேட்க வேண்டும் (பிரிவு 258). புதியவருக்கு முதலில் இருந்தவரின் அதே அதிகாரங்கள் உண்டு (பிரிவு 313). புரோபேட் வாங்குவதற்கு முன்பே இறந்திருந்தால் பிரிவு 232.

இதில் பலர் இடறுவது இங்கேதான்: இறந்த நிறைவேற்றுநரின் மகன் "அப்பா பார்த்த வேலையை நான் பார்க்கிறேன்" என்று தொடர்வார். நிறைவேற்றுநர் பொறுப்பு அவர் சொத்து அல்ல, வாரிசுக்கு இறங்காது. அவர் எழுதிய உயிலாலும் அதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அந்த மகன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ரசீதுகளும் ஒப்பந்தங்களும் பின்னால் பெரிய வம்பாகும்.

புரோபேட் மனு நிலுவையில் இருக்கும்போதே நிறைவேற்றுநர் இறந்தால், மனுவை விட்டுவிட வேண்டாம். உயிலின் பயனாளி தன்னைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு, மனுவை உயில் நகல் இணைத்த நிர்வாக ஆணைக்கான மனுவாகத் திருத்திக்கொள்ளலாம்.

விலக விரும்புகிறார். வயது, நோய், வெளிநாட்டுக்குக் குடிபெயர்வது, எதுவாகவும் இருக்கலாம். பிரிவு 301-இன் கீழ் உயர்நீதிமன்றத்திடம் விடுவிப்புக் கேட்க வேண்டும். இதை அவரே கேட்பது நல்லது. பயனாளிகள் சம்மதப் பத்திரம் கொடுத்தால் எதிர்ப்பில்லாமல் விரைவில் முடியும். இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை: புரோபேட் அல்லது நிர்வாக ஆணை பெற்ற தனியார், அரசின் அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் முன்கூட்டியே சம்மதித்தால், எழுத்து மூலம் சொத்தை அவரிடமே மாற்றிவிடலாம். 1963-ஆம் வருட அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ஜெனரல் சட்டம் இதற்கு இடம் தருகிறது. தமிழ்நாட்டில் இந்த அலுவலகம் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. உறவினர்களில் யார் வந்தாலும் இன்னொரு தரப்பு ஒத்துக்கொள்ளாத குடும்பங்களுக்கு இது உண்மையிலேயே பொருத்தமான வழி.

சரியாக நடக்கவில்லை. இதற்கு இரண்டு கதவுகள்: பிரிவு 301, பிரிவு 263. அடுத்த பகுதி முழுக்க இதைப் பற்றித்தான்.

3. ஆளை நீக்குவதா, ஆணையை ரத்து செய்வதா?

பிரிவு 301-இன் கீழ் உயர்நீதிமன்றம் தனியார் நிறைவேற்றுநரையோ நிர்வாகியையோ இடைநிறுத்தலாம், நீக்கலாம், விடுவிக்கலாம். பதிலுக்கு ஒருவரை வைத்து, சொத்து அவரிடம் உரித்தாகும்படியும் உத்தரவிடலாம். உயில் அப்படியே நிற்கும். புரோபேட்டில் நிரூபிக்கப்பட்டது நிரூபிக்கப்பட்டதுதான். ஆள் மட்டும் மாறுகிறார்.

பிரிவு 263, அவருக்குக் கொடுத்த ஆணையையே (புரோபேட்டையோ நிர்வாக ஆணையையோ) ரத்து செய்வது. காரணங்களைச் சட்டமே வரையறுத்திருக்கிறது: நடவடிக்கையின் அடிப்படையிலேயே குறை, பொய் சொல்லியோ முக்கியமானதை மறைத்தோ ஆணை வாங்கியது, தெரியாமலே என்றாலும் சட்டப்படி இன்றியமையாத ஒரு விவரத்தைத் தவறாகச் சொன்னது, ஆணை பயனற்றுப் போனது, வேண்டுமென்றே, தக்க காரணமில்லாமல் சொத்துப் பட்டியலோ கணக்கோ தாக்கல் செய்யாமல் விட்டது அல்லது முக்கியமான விஷயத்தில் பொய்யாகத் தாக்கல் செய்தது. ஆணை பெற்றவர் பிறகு மனநலம் குன்றிப் போவதையும் சட்டம் உதாரணமாகச் சொல்கிறது.

தேர்வு செய்ய ஒரு கேள்வி போதும்: உயில் நிற்க வேண்டுமா, விழ வேண்டுமா? உயிலால் பயன்பெறும் நீங்கள், நிறைவேற்றுநர் மீது மட்டும் குறை சொல்கிறீர்கள் என்றால் 301. உயிலே பொய், அல்லது உங்களுக்கு நோட்டீஸ் வராமலே புரோபேட் வாங்கிவிட்டார்கள் என்றால் 263. கோபத்தில் இரண்டையும் ஒரே மனுவில் போடுவது பெரிய தவறு. 301 உயர்நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள அதிகாரம். 263 மனுவோ ஆணை கொடுத்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது. அதோடு, உயில் செல்லும் என்று ஒரு பத்தியிலும் செல்லாது என்று அடுத்த பத்தியிலும் சொல்லும் மனுவை எதிர்த்தரப்பு சுலபமாக உடைத்துவிடும்.

காலக்கெடுவும் இங்கே வேறுபடும். ரத்து மனுவுக்குக் காலவரையறைச் சட்டத்தின் 137-ஆவது இனம் பொருந்தும், ஆணை பிறந்த நாளிலிருந்து மூன்று வருடம் என்று லினெட் ஃபெர்னாண்டஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் 2017-இல் தீர்ப்புச் சொன்னது. "எனக்குத் தெரிந்த நாளிலிருந்து" என்று எண்ணிக்கொண்டு காத்திருப்பவர்கள் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

இன்னொரு பொறி. உயில், நிறைவேற்றுநரையே டிரஸ்டியாகவும் வைத்திருக்கலாம்: "என் வீட்டின் வாடகையைப் பேரன் மேஜராகும் வரை இவர் பராமரிக்க வேண்டும்" என்பது போல. கடன் அடைத்து, மற்ற பயனாளிகளுக்குக் கொடுத்து முடித்தபின் அவர் அந்த வீட்டுக்கு டிரஸ்டி மட்டுமே. அப்போது 301 பயன்படாது. இந்திய டிரஸ்டுகள் சட்டம், 1882-இன் 73, 74-ஆவது பிரிவுகளின் கீழ்தான் புதிய டிரஸ்டி கேட்க வேண்டும்.

4. மிச்சம் என்ன என்று எழுதுங்கள்

புதியவர் எதை நிர்வகிக்கப் போகிறார் என்று தெரியாமல் மனு எழுத முடியாது. மூன்று நெடுவரிசை போடுங்கள்: இறந்த நாளில் இருந்த சொத்து, அதில் பயனாளிக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்தது, மீதி. கடன்களையும் சேர்க்க மறக்காதீர்கள்.

நடு வரிசையில்தான் சிக்கல் வரும். உயில் மூலம் வரும் சொத்து பயனாளியின் பெயரில் முழுமையாவதற்கு நிறைவேற்றுநரின் இசைவு வேண்டும் (பிரிவு 332). ஆனால் அந்த இசைவு எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, நடத்தையிலிருந்தே பெறலாம். அக்காவுக்கு எழுதிய வீட்டின் சாவியையும் மூலப் பத்திரத்தையும் நிறைவேற்றுநர் கொடுத்து, வரியை அவரே கட்டட்டும் என்று விட்டிருந்தால் அது பெரும்பாலும் இசைவுதான். அந்த வீடு இனி நிர்வாகத்தில் இல்லை. அதையும் மனுவின் அட்டவணையில் சேர்த்தால், சும்மா இருந்த அக்காவும் எதிர்மனுதாரராக வந்து நிற்பார்.

எல்லாம் பங்கிட்டு முடிந்திருந்தால் பதில் ஆள் தேவையே இல்லை. பணம் குறைகிறது என்பது மட்டும்தான் குறை என்றால், கணக்குக் கேட்டும் இழப்பீடு கேட்டும் வழக்குப் போடுவதுதான் வழி.

5. ஆவணங்களைச் சேர்ப்பது

மனு எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை: இறப்புச் சான்றிதழ் (உயில் எழுதியவருடையது, நிறைவேற்றுநர் இறந்திருந்தால் அவருடையதும்), உயில் நகல், புரோபேட் அல்லது நிர்வாக ஆணையின் சான்றிட்ட நகல், வாரிசுச் சான்றிதழ், சொத்துப் பத்திர நகல்கள், இறந்த தேதிக்கு முந்தைய நாளிலிருந்து இன்று வரையிலான வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது, கிடைத்தால் வங்கிக் கணக்கு விவரம்.

இவற்றில் மிக வலுவானது பலரும் வாங்காமல் விடும் ஒன்று. ஆணை கொடுத்த நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டு, சொத்துப் பட்டியலும் கணக்கும் தாக்கலாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிரிவு 317-இன்படி ஆணை கிடைத்த ஆறு மாதத்துக்குள் பட்டியலும், ஒரு வருடத்துக்குள் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் கெடு நீட்டலாம். தாக்கலே ஆகவில்லை என்றால் அந்த வெறுமையே உங்கள் முதல் ஆதாரம். தாக்கல் ஆகியிருந்தால் அதை வில்லங்கச் சான்றோடும் வாடகை ஒப்பந்தத்தோடும் வைத்து ஒப்பிடுங்கள்.

உதாரணமாக, கடையின் வாடகை மாதம் 18,000 ரூபாய். கணக்குக் காலம் 30 மாதம். வர வேண்டியது 5,40,000. கணக்கில் காட்டியது 3,24,000, அதாவது 18 மாத வாடகை. வித்தியாசம் 2,16,000. வாடகைதாரரின் வங்கிக் கணக்கிலிருந்து 30 மாதமும் பணம் போயிருப்பதைக் காட்டும் இரண்டு பக்கத்தை இதோடு வையுங்கள். "சொத்தைச் சூறையாடுகிறார்" என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரே அட்டவணை நீதிபதியின் கண்ணில் படும்.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசின் பிரமாணப் பத்திரமும் அதிகாரப் பத்திரமும் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற வேண்டும், அல்லது அந்த நாட்டில் வசதி இருந்தால் அபோஸ்டில் என்ற சர்வதேச ஆவணச் சான்று பெற வேண்டும். அதிகாரப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். கூரியர் உறையைப் பத்திரமாக வைத்திருங்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

6. எழுத்தில் கணக்குக் கேளுங்கள்

நீக்கம் கேட்கும் முன் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் "ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே" என்ற பதிலை இது அடைத்துவிடும். நோட்டீஸில் குற்றச்சாட்டு வேண்டாம், கேள்விகள் மட்டும்: எந்தச் சொத்துக்கு எந்தக் காலத்து வரவு, எந்தக் கணக்கில் இருக்கிறது, எந்தக் கடன் அடைக்கப்பட்டது, ரசீது எங்கே. 30 நாள் கெடு கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

எப்போது அனுப்பக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். உயில் எழுதியவர் இறந்து ஒரு வருடம் ஆகும் முன் எந்தப் பயனாளிக்கும் கொடுக்க வேண்டிய கட்டாயம் நிறைவேற்றுநருக்கு இல்லை (பிரிவு 337). ஏழாவது மாதத்தில் "இன்னும் பங்கு தரவில்லை" என்று நீக்க மனுப் போட்டால் அது தானாக விழும். அவர் பேச்சு சரியில்லை, ஃபோன் எடுப்பதில்லை, அவரும் ஒரு பயனாளியாக இருக்கிறார் என்பதெல்லாம் தனித்து நின்று காரணமாகாது. உயில் எழுதியவர் அவர்மீது வைத்த நம்பிக்கையை நீதிமன்றம் லேசில் ஒதுக்காது. சொத்துக்கும் பயனாளிகளின் நலனுக்கும் ஆபத்து என்பதைக் காட்ட வேண்டும்: பணத்தைச் சொந்தக் கணக்கில் கலப்பது, சொத்தைத் தானே வாங்கிக்கொள்வது (இதைப் பிரிவு 310-இன் கீழ் ரத்து செய்யக் கேட்கலாம்), வசூலிக்க வேண்டியதைக் காலாவதியாக விடுவது, கணக்கை மறைப்பது, எஸ்டேட்டுக்கு, அதாவது இறந்தவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்துக்கு, எதிராகத் தானே வழக்காடுவது.

சில இடங்களில் நீக்கமே தேவைப்படாது. ஆணை பெற்ற நிறைவேற்றுநருக்கு உயர்நீதிமன்றம் பிரிவு 302-இன் கீழ் குறிப்பான கட்டளை இடலாம்: இந்தத் தேதிக்குள் கணக்குக் கொடு, இந்தக் கணக்கில் வாடகையைப் போடு என்று. சோம்பலும் குழப்பமும்தான் பிரச்சினை, திருட்டு இல்லை என்றால் முதலில் இதைக் கேளுங்கள். செலவு குறையும், உறவும் மிஞ்சும். அந்தக் கட்டளையையும் மீறினால் பிறகு நீக்கம் கேட்பது மிகச் சுலபம்.

7. சொத்தை முதலில் கட்டிப் போடுங்கள்

மனு முடிய மாதக்கணக்கு ஆகும். அதற்குள் விற்றுவிட்டால் நீங்கள் ஜெயித்தும் பயனில்லை. நல்லெண்ணத்தோடு வாங்கியவரைப் பின்னால் அசைப்பது கடினம்: புரோபேட் ரத்தானாலும் அதற்கு முன் நிறைவேற்றுநர் முறையாகச் செய்தவை காப்பாற்றப்படும் என்று கிரிஸ்டல் டெவலப்பர்ஸ் வழக்கில் 2004-இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எனவே மனுவோடு சேர்த்தே இடைக்கால மனுக்களையும் போடுங்கள்: விற்பதற்குத் தடை, இறுதி உத்தரவு வரை இடைநிறுத்தம், வாடகையை நீதிமன்றத்தில் கட்டச் சொல்வது, தேவைப்பட்டால் ரிசீவர் (சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமிப்பவர்). சார்பதிவாளரிடம் ஆட்சேப மனு கொடுத்துவிட்டால் போதும் என்று நம்பி இருக்காதீர்கள். நீதிமன்றத் தடை உத்தரவின் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

பிரிவு 247-இன் இடைக்கால நிர்வாகியைப் பலரும் எல்லா வழக்கிலும் கேட்கிறார்கள். உயில் செல்லுமா என்பது பற்றியோ, ஆணை பெறுவது அல்லது ரத்து செய்வது பற்றியோ வழக்கு நிலுவையில் இருந்தால்தான் அது பொருந்தும். 263 மனுவோடு கேட்கலாம். வெறும் 301 மனுவில், அதே பிரிவில் இருக்கும் "இடைநிறுத்தம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். 247-இன் கீழ் வருபவர் சொத்தைப் பங்கிட்டுக் கொடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

8. பதில் ஆளைத் தீர்மானியுங்கள்

பழையவரை நீக்கு என்று மட்டும் கேட்டு, புதியவர் பெயர் சொல்லாத மனு பாதி மனு. சொத்து யாரிடமும் இல்லாமல் தொங்கும் நிலையை நீதிமன்றம் விரும்பாது.

இறந்த நிறைவேற்றுநருக்குப் பதில் என்றால் வரிசையைச் சட்டமே சொல்கிறது. முழுச் சொத்தும் அல்லது மற்றவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சமெல்லாம் யாருக்கு என்று உயில் சொல்கிறதோ, அவர் முதலில் (பிரிவு 232). அப்படி ஒருவர் இறந்திருந்தால் அவருடைய பிரதிநிதி (233). யாரும் இல்லை என்றால், உயில் இல்லாதிருந்தால் வாரிசாகியிருக்கக் கூடியவர், அல்லது வேறு பயனாளி, அல்லது கடன்காரர் (234). வரிசையில் பின்னால் இருப்பவர் மனுப் போட்டால் முன்னால் இருப்பவருக்கு நோட்டீஸ் போக வேண்டும் அல்லது அவர் சம்மதம் வேண்டும்.

மைனர், மனநலம் குன்றியவர் ஆக முடியாது. மற்றபடி இந்தியாவில் குடியிருப்பவர், பயனாளிகளில் பெரும்பான்மையோர் ஏற்பவர், சொத்தின் மீது சொந்தமாக வழக்கு ஏதும் இல்லாதவர் என்று பாருங்கள். அவரிடம் சம்மதப் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். நிர்வாக ஆணை பெறுபவர் ஜாமீன்தாரரோடு பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டும் (பிரிவு 291). ஜாமீன் நிற்க யார் வருவார்கள் என்று இப்போதே பேசி முடியுங்கள். உத்தரவு வந்தபின் ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஆணை கைக்கு வராமல் கிடப்பது சாதாரணமாக நடக்கிறது.

9. மனு எழுதுவதும் தாக்கல் செய்வதும்

301, 302 மனுக்கள் எங்கிருந்தாலும் உயர்நீதிமன்றத்துக்குத்தான். திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றம் கொடுத்த புரோபேட்டாக இருந்தாலும் நீக்க மனு மதுரைக் கிளைக்குப் போகும். 258-இன் கீழ் புதிய ஆணையும் 229-இன் அழைப்பாணையும் மாவட்ட நீதிமன்றத்திலேயே கேட்கலாம்; இறந்தவர் அந்த எல்லைக்குள் குடியிருந்திருக்க வேண்டும் அல்லது அங்கே சொத்து இருக்க வேண்டும்.

எல்லாப் பயனாளிகளையும், வாரிசுகளையும், தெரிந்த கடன்காரர்களையும் தரப்பினராகச் சேருங்கள். உங்கள் பக்கம் இருப்பவர்களையும்கூட. ஒருவரை விட்டுவிட்டால் முழு நடவடிக்கையும் குறையுள்ளதாகி, நாளை அவரே 263-ஐத் தூக்கிக்கொண்டு வரலாம்.

301 மனுவின் வேண்டுகோள் பகுதி ஏறத்தாழ இப்படி இருக்க வேண்டும்:

"எதிர்மனுதாரரை நிறைவேற்றுநர் பொறுப்பிலிருந்து நீக்கவும்; அவருக்குப் பதிலாக இன்னாரை நியமிக்கவும்; 'ஆ' அட்டவணையில் கண்ட நிர்வாகம் முடியாத சொத்துகள் புதியவரிடம் உரித்தாகும்படி உத்தரவிடவும்; மூல புரோபேட், பத்திரங்கள், சாவிகள், வங்கிப் புத்தகங்கள், பொறுப்பேற்ற நாள் முதலான கணக்கு ஆகியவற்றைக் குறித்த நாளுக்குள் ஒப்படைக்கச் சொல்லவும்; புதியவர் பட்டியலும் கணக்கும் தாக்கல் செய்ய நாள் குறிக்கவும்; செலவுத் தொகையை எஸ்டேட்டிலிருந்து அல்லாமல் எதிர்மனுதாரரே தம் சொந்தப் பணத்தில் தரச் சொல்லவும்."

"உரித்தாகும்படி" என்ற மூன்றாவது வேண்டுகோளை விட்டால் வங்கியும் பதிவு அலுவலகமும் புதியவரை ஏற்கத் தயங்கும். கடைசி வேண்டுகோளை விட்டால் பழையவர் உங்கள் பணத்திலேயே உங்களை எதிர்த்து வழக்காடுவார்.

258 மனுவில், முதல் ஆணைக்கு முழு நீதிமன்றக் கட்டணம் கட்டிய ஆதாரத்தை இணைத்து, அதே சொத்துக்கான இரண்டாவது ஆணை இது என்று ஒரு பத்தியில் தெளிவாகச் சொல்லுங்கள்.

பழையவர் எடுத்த பணத்தை 301 மனுவிலேயே வசூலிக்கப் பார்க்க வேண்டாம். சொத்தைத் தவறாகக் கையாண்டதற்கும் (பிரிவு 368), வசூலிக்காமல் விட்டதற்கும் (369) அவர் பொறுப்புத்தான். ஆனால் அதற்குச் சாட்சி விசாரணை வேண்டும். புதியவர் பொறுப்பேற்றபின் தனி வழக்காகப் போடுவதே முறை. பழையவர் நிர்வாகியாக இருந்து பிணைப் பத்திரம் கொடுத்திருந்தால், அதைத் தன் பெயருக்கு மாற்றித் தரக் கேட்டு ஜாமீன்தாரர் மீதும் போகலாம் (292).

10. உத்தரவு வந்தபின்

சான்றிட்ட நகல்கள் தேவைக்கு மேல் வாங்குங்கள். ஒவ்வொரு வங்கியும் ஒன்று கேட்கும்.

முதல் வேலை வாடகைதாரர்களுக்கும் கடனாளிகளுக்கும் எழுத்தில் அறிவிப்பு. விஷயம் தெரியாமல் நல்லெண்ணத்தில் பழையவரிடம் கொடுத்த பணத்தை அவர்களிடம் மறுபடி கேட்க முடியாமல் போகலாம். ரத்தான ஆணையைப் பொறுத்தவரை இதைப் பிரிவு 297 வெளிப்படையாகவே சொல்கிறது.

அடுத்தது எஸ்டேட் பெயரில் தனி வங்கிக் கணக்கு. புதியவரின் சொந்தக் கணக்கு வழியாக ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. பழையவரை எதற்காக நீக்கினீர்களோ அதே குற்றச்சாட்டு இவர்மீதும் வரும். வருமான வரித் தளத்தில் இறந்தவரின் சட்டப் பிரதிநிதியாகப் பதிவு செய்து, பங்கீடு முடியும் வரை எஸ்டேட் வருமானத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

263-இன் கீழ் ரத்தானால் பழையவர் ஆணையை உடனே நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். வேண்டுமென்றே வைத்துக்கொண்டால் 1,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு (பிரிவு 296). ஒப்படைக்கும்போது ஒவ்வொரு பத்திரத்தையும் எண்ணோடு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். "எல்லா ஆவணங்களும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தால், காணாமல் போன மூலப் பத்திரத்துக்கு இனி புதியவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எஸ்டேட் தரப்பில் நடக்கும் வழக்குகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் புதியவரைச் சேர்க்க மனுப் போடுங்கள். பழையவர் இறந்திருந்தால் 90 நாளுக்குள் சேர்க்க வேண்டும். தவறினால் வழக்கு அற்றுப் போகும். அதை மீட்க மேலும் 60 நாள் கெடு. புதிய ஆணை கைக்கு வர இதைவிட அதிக நாள் ஆகும் என்பதால், ஆணை மனு நிலுவையில் இருக்கிறது என்று சொல்லி, பயனாளிகளே அந்த வழக்கில் தங்களைச் சேர்க்கக் கேட்டு 90 நாளுக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிட வேண்டும்.